குழாயைவிட்டு வெளியேறாத எண்ணெய் யாருக்குச் சொந்தம்? எரிபொருள் போக்குவரத்து ஒப்பந்தங்களில் 'இருப்பு' விதி

புணே: மகாராஷ்டிர மாநிலம் புணே அருகேயுள்ள கடக்வாஸ்லா அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் திறக்கப்பட்டால், அது கடைமடையை உடனே எட்டுவதில்லை. கால்வாயின் நீளம் முழுவதும் ஓரளவு நிரம்பிய பின்னரே, ஹடப்சர், லோனி கால்போர் பகுதிகளைக் கடந்து தௌண்ட், இந்தாபூர் வட்டங்களின் வயல்களுக்கு நீர் சென்று சேர்கிறது. அணையிலும் மதகு மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் பாசனக் கணக்கில் வராது. 1879-ஆம் ஆண்டு கட்டப்பட்ட இந்த அணையின் பயன்படு கொள்ளளவு 1.97 டிஎம்சி எனக் குறிப்பிடப்படுவது, அந்த அடிநீரைக் கழித்த பிறகுதான்.

இதே லோனி கால்போரில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் நிறுவனத்தின் எண்ணெய் முனையம் அமைந்துள்ளது. மும்பையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் குழாய் வழியாக இங்கு பெட்ரோல், டீசல் உள்ளிட்டவை வந்து சேர்கின்றன. கால்வாய்க்கும் குழாய்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. முறைப் பாசனம் முடிந்ததும் கால்வாய் வற்றிவிடலாம். எண்ணெய்க் குழாய் ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. ஒரு முனையில் ஒரு லிட்டர் உள்ளே தள்ளப்பட்டால்தான் மறுமுனையில் ஒரு லிட்டர் வெளியே வரும். ஆகவே குழாய் இயங்கும் காலம் முழுவதும் அதன் உட்புறம் எண்ணெயால் நிறைந்தே இருக்க வேண்டும். இதற்கு 'லைன் ஃபில்', அதாவது குழாய் நிரப்பு இருப்பு என்று பெயர். முனையத் தொட்டிகளின் அடியில் எப்போதும் விட்டுவைக்க வேண்டிய எண்ணெயையும், அன்றாட இயக்கத்துக்குத் தேவையான கையிருப்பையும் சேர்த்தால் அது 'செயல்பாட்டு இருப்பு' ஆகிறது.

இதன் அளவு சிறியதன்று. 14 அங்குல விட்டமுள்ள குழாயில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோலிட்டர் எண்ணெய் அடங்கும். 160 கி.மீ. நீளக் குழாய் என்றால் சுமார் 14,400 கிலோலிட்டர். அதாவது 20 கிலோலிட்டர் கொள்ளும் 720 டேங்கர் லாரிகளின் சுமை. லிட்டருக்கு 60 ரூபாய் என வைத்துக்கொண்டாலும் மதிப்பு ரூ.86 கோடியைத் தாண்டுகிறது. தொட்டி இருப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த எண்ணெயை யார் தருவது என்பதுதான் ஒப்பந்தத்தின் முதன்மையான கேள்வி. குழாயின் உரிமையாளரே அதைப் பயன்படுத்தும்போது சிக்கல் இல்லை. பல நிறுவனங்கள் ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொருவரும் தாம் அனுப்பும் சரக்கின் விகிதத்துக்கு ஏற்ப இருப்பைத் தர வேண்டும் என்பது அமெரிக்கக் குழாய் நிறுவனங்களின் கட்டண விதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. எந்த ரகத்தை, எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் குழாய் நிறுவனத்திடமே இருக்கும். பங்கைத் தராதவரின் சரக்கை ஏற்க அது மறுக்கலாம்.

கொடுப்பதைவிடத் திரும்பப் பெறுவது கடினம். சரக்கு அனுப்புவதை முற்றிலும் நிறுத்துவதாக எழுத்துமூலம் அறிவித்து, நிலுவைகளைச் செலுத்தி, இருப்புக் கணக்கைச் சரிபார்த்த பின்னரே அனுப்புநருக்கு எண்ணெய் கிடைக்கும். அதற்கு ஆறு மாதம் வரை அவகாசம் எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சில நிறுவனங்கள் தமக்கு ஒதுக்கி வைத்துள்ளன. கிடைப்பதும் அவர் செலுத்திய அதே எண்ணெய் அன்று. அதற்கு இணையான தரமுள்ள வேறு எண்ணெய்.

இடைப்பட்ட காலத்தில் விலை சரிந்தால் இழப்பு அனுப்புநருடையது. 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற பிரென்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையில் இருப்பைச் செலுத்திய ஒருவர், விலை சரிவதைக் கண்டாலும் அதை எடுத்து விற்க வழியில்லை. விலை ஏறினால் ஆதாயமும் அவருக்கே என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆதாயமும் வெளியேறும் நாள்வரை ஏட்டளவில்தான்.

பெரிய நிறுவனங்களுக்கு இது தாங்கக்கூடிய சுமை. மேற்கண்ட குழாயில் பத்தில் ஒரு பங்கு வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கோ ரூ.8.6 கோடி முடங்கிவிடும். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் சுமார் ரூ.78 லட்சம். போக்குவரத்துக் கட்டண அட்டவணையில் இந்தத் தொகை தென்படாது. குழாய் நிறுவனமே இருப்பை வாங்கி வைத்து, செலவைக் கட்டணத்தில் சேர்ப்பது மாற்று வழி. அப்போது செலவு மறைவதில்லை என்றாலும், அனைவர் கண்ணிலும் படும்.

இந்தியாவில் பெரும்பாலான எரிபொருள் குழாய்கள் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. சென்னை மணலியிலிருந்து திருச்சி, மதுரைக்குச் செல்லும் இந்தியன் ஆயில் குழாயும் அவற்றுள் ஒன்று. 2006-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம், ஒரு குழாயைப் பிறரும் பயன்படுத்தத்தக்க பொதுக் குழாயாக அறிவிக்கும் அதிகாரத்தை வாரியத்துக்கு வழங்கியுள்ளது. கதவு திறந்திருப்பதாகச் சட்டம் சொன்னாலும், உள்ளே நுழையும் புதிய நிறுவனம் முதல் லிட்டரை விற்கும் முன் எவ்வளவு எண்ணெயை முடக்க வேண்டும் என்பதை இருப்பு விதியே முடிவுசெய்யும்.

குழாயில் ஓட்டம் குறையும்போது இந்தச் சுமை மேலும் கூடுகிறது. அலாஸ்காவின் சுமார் 1,290 கி.மீ. நீளக் குழாயை நிரப்ப ஏறத்தாழ 90 லட்சம் பீப்பாய் தேவை. 1977 ஜூன் 20-ஆம் தேதி உள்ளே விடப்பட்ட முதல் எண்ணெய், ஜூலை 28-ஆம் தேதிதான் வால்டீஸ் துறைமுகத்தை அடைந்தது. 1988-இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடியபோது, உள்ளிருந்த இருப்பு நாலரை நாள் சரக்குக்குச் சமமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஓட்டம் 5 லட்சம் பீப்பாய்க்கும் கீழே குறைந்துள்ளது. குழாய் அதேதான், நிரப்ப வேண்டிய அளவும் அதேதான். அந்த இருப்பு இப்போது சுமார் 18 நாள் சரக்குக்குச் சமம்.