கோச்சியும் கொழுந்தும்

"தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது தோட்டத்தில் நிற்பதில்லை. கையிலே தொலைபேசி, மனத்திலே கொழும்பு. இயந்திரம் வந்து இளையவர்களைக் கெடுத்துவிட்டது." மலையகத்தில் எத்திசை சென்றாலும் இப்பேச்சு நம் காதில் விழுகிறது. சொல்பவர்கள் துரைமார் மட்டுமல்லர். பெற்றோரும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள். ஆயின் மலையகத்துக்கு இயந்திரம் வந்தது நேற்றா? அங்கே ஒரு சமூகம் உருவானதே இயந்திரங்களின் தேவையை ஒட்டித்தான் என்பதை நாம் நினைவுகூர வேண்டும். இன்றைய இளைஞனின் மனத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோர் அவனுடைய முப்பாட்டனை எது மலைக்கு ஏற்றியது என்பதிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. படைகளை நகர்த்துவதற்கென வெட்டப்பட்ட வீதி, பின்னர் கோப்பி மூட்டைகளை இறக்கும் வீதியாயிற்று. 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபின் மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பி உற்பத்தி தளர்ந்தது. இலண்டன் மூலதனம் மலிவான மண்ணையும் மலிவான உழைப்பையும் வேறிடத்தில் தேடியது. மண்ணைப் பெற்றுக்கொடுத்தது 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம். உரிமையை எழுத்தில் நிரூபிக்க இயலாத காடும் சேனையும் முடிக்கு உரியவை என அது கொண்டது. பரம்பரை பரம்பரையாக மாடு மேய்த்தும் சேனை செய்தும் வந்த சிங்கள விவசாயியிடம் எழுத்து ஏது? அவன் இழந்த நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் விலைபோயிற்று. வாங்கியோருள் ஆளுநரும் உயர் அதிகாரிகளும் நீதிபதிகளும் இருந்தனர். சட்டத்தை இயற்றியவர்களே சட்டத்தின் பயனையும் நுகர்ந்தனர்.

உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. பஞ்சமும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் ஒருங்கே நெருக்கிய இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளின் ஏழை மக்களைக் கங்காணி திரட்டினான். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அப்பாதையோரத்தில் பிணங்களைக் கிடத்தின. கோப்பி, ஆண்டில் சில மாதங்களே பெருமளவு ஆட்களை வேண்டும் பயிர். பழம் பறித்து முடிந்ததும் ஆட்கள் வேண்டியதில்லை. ஆதலால் வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்தபின் ஊர் திரும்பினார்கள், மறுபருவத்தில் மீண்டும் நடந்தார்கள். அக்காலத்தில் மலையில் உழைப்பாளர் கூட்டமொன்று இருந்ததே தவிர, வேரூன்றிய ஒரு சமூகம் இருந்தது எனக் கூறுவதற்கில்லை.

தோட்டங்கள் உள்நாட்டு மலைகளுக்குப் பரவப் பரவ, மாட்டு வண்டி முதலாளிகளுக்குப் போதவில்லை. வண்டிக் கூலி உயர்ந்தது. மழைக்காலத்தில் வீதிகள் சேறாயின. கோப்பி மூட்டைகள் வழியிலே தேங்கிக் கெட்டன. தோட்ட முதலாளிகள் புகையிரதம் வேண்டுமென ஓயாது முறையிட்டனர். 1858 இல் வேலை தொடங்கிற்று. ஒப்பந்தக் கம்பனி இடையில் விலகவே, அரசாங்கமே பொறுப்பேற்றது. 1865 இல் அம்பேபுசை வரையும், 1867 இல் கண்டி வரையும் வண்டி ஓடியது. பின்னர் 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா, 1924 இல் பதுளை. இப்பெயர்களை நிலப்படத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தால், மக்கள் வாழும் ஊர்களைத் தேடியல்ல, விளைபொருளைத் தேடியே இருப்புப்பாதை மலையேறியது என்பது புலனாகும்.

மார்க்ஸ் 1853 இல் இந்திய இருப்புப்பாதைகளைப் பற்றி எழுதியபோது, அவை அந்நாட்டில் நவீன தொழில்களின் முன்னோடியாகும் எனக் கருதினார். ஆனால் ஆளும் வர்க்கத்தின் பிடி அகலும்வரை அதன் பலன்களை அம்மக்கள் நுகர மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே கூறினார். முதற்பகுதியை மட்டும் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் புகையிரதம் தந்தான் என மகிழ்வோர் நம்மிடையே இன்றும் உளர். இரண்டாம் பகுதியின் உண்மையை மலையகத்தில் கண்ணாரக் காணலாம். ஏறும்போது அரிசியையும் ஆட்களையும் ஏற்றிய வண்டி, இறங்கும்போது கோப்பியை மட்டுமே இறக்கியது. ஏறிய ஆட்களின் கடன் துண்டுகளோ அவர்களோடு மேலேயே தங்கிவிட்டன. கங்காணியின் கணக்கில் உள்ள கடனைத் தீர்த்தாலொழிய வேறு தோட்டத்துக்குப் போக முடியாதவாறு தொழிலாளியைக் கட்டிய துண்டு முறை, 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நீராவி வண்டி ஓடிய அதே மலையில் கடனடிமையும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவியது. நவீன இயந்திரம் வந்தால் பழைய தளைகள் தாமே அறும் என எண்ணுவது எத்துணைப் பேதைமை!

1869 இல் கோப்பி இலைகளில் செந்நிறப் பூஞ்சணம் கண்டது. பதினைந்து இருபது ஆண்டுகளுள் அது ஒரு தொழிலையே விழுங்கியது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை, அழிவின் விளிம்பில் நின்ற முதலாளிகளுக்குக் கைகொடுத்தது. முதலில் டெய்லருடைய பங்களா விறாந்தையிலே கையால் உருட்டி, கரியடுப்பில் வாட்டிக் காய்ச்சினார்கள். 1872 இல் அவர் உருட்டும் பொறியொன்றை அமைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் உருளைகளும் சூடான காற்றுலைகளும் மலையெங்கும் நிறுவப்பட்டன. நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலைப் பரப்பு மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

இங்கேதான் நம் வரலாற்றின் திருப்புமுனை உள்ளது. கோப்பி காத்திருக்கும், கொழுந்து காத்திராது. பறித்த கொழுந்தை அன்றே தொழிற்சாலையில் சேர்த்து வாட்டத் தொடங்க வேண்டும். பின் உருட்டி, பதப்படுத்தி, உலர்த்த வேண்டும். ஆதலால் தொழிற்சாலை தோட்டத்துக்குள்ளேயே எழுந்தது. தேயிலைத் தூர் ஆண்டு முழுதும் தளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கொருமுறை அதே மலைக்கு மீண்டும் கூடையோடு போக வேண்டும். வருவதும் போவதுமான ஆண்கள் இதற்குப் போதார். நிரந்தரமாகத் தங்கும் குடும்பங்கள் வேண்டும். பெண்ணின் விரல்களும் சிறுவர்களின் கைகளும் வேண்டும். இவ்வாறு லயம் எழுந்தது. லயத்தின் முன்னே விடியலில் தப்பு ஒலித்தது. பெரட்டும், மடுவமும், பிள்ளைக் காம்பராவும் வந்தன. இலையின் தன்மையும் பொறியின் வேகமும் முதலாளியின் இலாபமும் ஒருங்கே சேர்ந்து ஒரு மக்கள் கூட்டத்தை மண்ணோடு பிணைத்தன. தொழிற்சாலைக் குழலே அவர்களின் கடிகாரம். கூடையின் நிறையே அவர்களின் நாட்காட்டி.

பிள்ளையின் பருவத்தையும் தோட்டமே வகுத்தது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிப்பது தோட்டத் துரையின் கடமை என விதித்தது. பத்து வயதோடு கல்வி ஏன் நிற்க வேண்டும்? அதன்பின் அக்கைகள் மலைக்கு வேண்டும் என்பதன்றி வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை. 1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதனிற் குறைந்தது, பிள்ளைக்கு அதனினும் குறைந்தது என மூன்று வீதங்கள் வகுக்கப்பட்டன. ஆண் பெண் வேற்றுமை நீங்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. 1945 இல் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும், தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அவற்றை அரசு முழுமையாக ஏற்றது 1970களிலேயே. ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்பு: ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவு கிடைத்த விதம் இது.

எனினும் பொறி முதலாளிக்கு மட்டும் பணி செய்யும் என்பது விதியன்று. அச்சுப்பொறியும் ஓர் இயந்திரமே. கோ. நடேசய்யர் 1924 இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். 1931 இல் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுகளாலே தோட்ட மக்களைத் தட்டியெழுப்பினார். அப்பாட்டுகள் சிறு நூல்களாக அச்சேறி லயங்களுக்குட் சென்றன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். தனித்தனியே கூலிக்கு வந்தவர்கள் ஒரு தொழிற்சாலைக் குழலின் கீழ்த் திரண்டதாலே ஒரு வர்க்கமாகவும் எழுந்தனர். முதலாளித்துவம் தன் தேவைக்காகத் திரட்டிய கூட்டம், தன் தேவையைத் தானே உணரத் தொடங்கிற்று.

அதற்கான தண்டனை விரைவிலேயே வந்தது. 1947 தேர்தலில் இம்மக்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தனர். மறு ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையினதோ பாட்டனதோ பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. காட்டுவழியே நடந்து வந்தவனிடம் சான்று ஏது? நூறாண்டுக்கு முன் சிங்கள விவசாயியிடம் கேட்ட அதே கேள்வி இம்முறை தமிழ்த் தொழிலாளியிடம் கேட்கப்பட்டது. எழுத்தில்லாதவனிடம் எழுத்தைக் கேட்டு உரிமையைப் பறிப்பதில் அந்நிய ஆட்சிக்கும் சுதேச ஆட்சிக்கும் இடையே நாம் வேற்றுமை காணவில்லை. நிலம் இழந்தவனும் நாடு இழந்தவனும் ஒரே வரலாற்றின் இரு பலிகள் என்பதை அவ்விருவருக்கும் எடுத்துரைப்போர் போதியளவு இருக்கவில்லை. அவர்களுக்கிடையே பகையை வளர்ப்போரே மிகுந்திருந்தனர்.

1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிரிக்கப்பட்டவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. மலையக மக்கள் கோச்சி என அழைக்கும் அதே புகையிரதம், ஏற்றி வந்த மக்களின் பேரப்பிள்ளைகளைத் தலைமன்னாருக்கு இறக்கியது. அண்ணன் வண்டியிலும் தம்பி மேடையிலுமாக நின்ற அந்த நிலையங்களின் ஓலத்தை அறிந்தவர் இன்றும் உளர். நாடற்றவர் என்னும் நிலை முற்றாக நீங்க வழிசெய்யும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

இனி இன்றைய இளைஞரிடம் வருவோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தோன்றியது. 1992 இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தாய் கொழுந்துக் கூடையைச் சுமந்த வீட்டிலிருந்து மகள் தையற் பொறிக்குச் செல்கிறாள். மகன் கொழும்பில் கடைச் சிப்பந்தியாகிறான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்பே 2021 இல் சட்டமாயிற்று என்றால், அவர்கள் மலையிறங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அங்கும் அவர்களை எதிர்நோக்கியிருப்பது நிறைக்குப் பதில் எண்ணிக்கை. குழலுக்குப் பதில் மணி.

கைத்தொலைபேசியின் கதையும் இதனின் வேறன்று. 2020 இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி தொலைபேசி வழியே நடைபெற்றபோது, கருவியில்லாத பிள்ளைகளும் அலைவரிசை எட்டாத மலைகளில் வாழ்ந்த பிள்ளைகளும் வகுப்பை இழந்தனர். கெடுக்கும் கருவி எனப் பெரியோர் ஏசிய பொருளே அன்று கல்வியின் ஒரே வாயிலாயிற்று. அவ்வாயிலும் பணமுள்ளவனுக்கே திறந்தது. அதே கருவி, லயத்து அறையிலிருக்கும் இளைஞனுக்கு உலகத்தைக் காட்டுகிறது. தன் நிலை விதியன்று என்பதை ஒப்பிட்டறிய உதவுகிறது. கூடவே, கடனுக்கேனும் வாங்கத் தூண்டும் பண்டங்களையும் ஓயாது காட்டுகிறது. பெரியங்கங்காணியின் துண்டு போனபின் தவணைக் கடனின் துண்டு வந்திருக்கிறது.

ஆகவே இயந்திரத்தைச் சபிப்பதில் பயனில்லை. போற்றிப் பாடுவதிலும் பயனில்லை. புகையிரதமும் உருளையும் தையற் பொறியும் தொலைபேசியும் எவர் கையில், எவர் தேவைக்காக இயங்கின என்பதே ஒவ்வொரு தலைமுறையின் வாழ்வையும் வகுத்திருக்கிறது. தன் பிள்ளை தோட்டத்தில் நிற்கவில்லை என வருந்தும் தாயிடம் நாம் கேட்கக்கூடியது ஒன்றுண்டு: வீடும் நிலமும் தன் பெயரிலே இல்லாத இடத்தில் அவன் எதற்காக நிற்க வேண்டும்?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலே உடனடிப் பணியொன்று இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நாம், மலையக மக்களை நெடுங்காலம் வேற்றவராகவே எண்ணினோம். நம் வகுப்பறைகளில் அவர்கள் வரலாறு பயிற்றப்படவில்லை. ஒப்பந்தத்தைக் கண்ணாற் கண்ட முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். எந்தத் தொலைபேசியைக் குறை கூறுகிறோமோ, அதே தொலைபேசியைக் கையிலெடுத்து மாணவர்கள் லயங்களுக்குச் செல்லட்டும். பாட்டிமாரின் சொற்களையும் பாட்டுகளையும் பதிந்து வைக்கட்டும். எழுத்தில்லை என்று சொல்லியே இம்மக்களின் உரிமையைப் பறித்தார்கள். இனி அவர்களுக்கு எழுத்தில்லை என எவரும் கூற இயலாதவாறு செய்வது நம் கடமையாகும்.