இரத்தக் கசிவு காட்டிய வழி

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில், பெரிய ஏரியுடன் அமைந்த ஊர் தாமல். இத்தகைய ஊர்களில் மாரடைப்பு வந்தவர் பெரிய மருத்துவமனையை அடைவதற்குள் விலைமதிப்பற்ற நேரம் கழிந்துவிடும். இதனை மனத்திற்கொண்டு தமிழக அரசு 2023 ஜூனில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நோயாளிக்கு முதலில் 14 மாத்திரைகள் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 8. தலைவலி மாத்திரையான ஆஸ்பிரின் இதயத்திற்கு எவ்வாறு மருந்தாயிற்று?

ஆஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் கிளெண்டேல் நகர மருத்துவர் லாரன்ஸ் கிரேவன் ஒன்றைக் கவனித்தார். டான்சில் அறுவைக்குப் பின் ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை அதிகம் மென்றவர்களுக்கு இரத்தம் நிற்காமல் கசிந்தது. ‘இரத்தம் உறைவதை இது தடுக்கிறதென்றால் மாரடைப்பையும் தடுக்குமன்றோ?’ என்று அவர் எண்ணினார். தம்மிடம் வந்த ஆண்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்து, 1950 முதல் நல்ல பலன்களை வெளியிட்டார். ஆனால் மருந்து உண்ணாத ஒரு குழுவோடு அவர் ஒப்பிடவில்லை. ஆகவே மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. இரத்தக் குழாயில் காயம் ஏற்பட்டால் இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி அதை அடைக்கின்றன. இதயத் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்தாலும் இதே வேலை நடக்கிறது, குழாய் அடைபடுகிறது. புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். தட்டுகளை ஒட்டத் தூண்டும் திராம்பாக்ஸேனும் இவ்வழியிலேயே உண்டாகிறது. ஒரு தட்டின் ஆயுள் ஏறத்தாழ 10 நாள். ஆஸ்பிரின் தொட்ட தட்டு அதுவரை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

1988இல் வெளியான, 17,187 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்ட ஆய்வு ஐயத்தை நீக்கியது. ஐந்து வாரங்களில் இதய, இரத்தக் குழாய் நோய்களால் இறந்தோர் வெற்று மாத்திரை உண்டவருள் 11.8 சதவீதம், ஆஸ்பிரின் உண்டவருள் 9.4 சதவீதம்.

இந்த நன்மைக்கு விலையும் உண்டு. ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுத்த 2001ஆம் ஆண்டு ஆய்வில் மாரடைப்பு முதலியன 11.4 சதவீதத்திலிருந்து 9.3 ஆகக் குறைந்தன; பெரும் இரத்தக் கசிவோ 2.7இலிருந்து 3.7 ஆக உயர்ந்தது. இதய நோயற்ற முதியவர்களிடம் நடத்திய 2018ஆம் ஆண்டு ஆய்வில், தினமும் உண்ட ஆஸ்பிரினால் கசிவு கூடியதேயன்றி, இதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

ஆகவே, நோயில்லாதவர் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று இம்மருந்தைத் தாமாகத் தொடங்கலாகாது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் கசிவுக்கு அஞ்சித் தாமாக நிறுத்தவும் கூடாது. திடீர் அடைப்பு உயிரைப் பறிக்கலாம். மலம் கறுத்துப் போனால் உடனே மருத்துவரைக் காண வேண்டும். கிரேவன் கண்ட கசிவும் நோயாளி பெறும் காப்பும் ஒரே செயலின் இரு பக்கங்கள். யாருக்கு எது மிகும் என்று எடைபோடுவதே மருத்துவம்.