ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஆட்டோகேட் வரை: நம்ம வடசென்னையின் வரைபடக் கதை



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாட்களில் பழைய மாணவர்கள் பலர் போன் செய்து கேட்பார்கள். அவர்களே இப்போது பெற்றோர்கள். "சார், பையனை ஆட்டோகேட் கோர்ஸில் சேர்க்கலாமா? மூணு மாசத்துல கத்துக் குடுத்துடுவோம்னு சொல்றாங்க." சேர்க்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள நம்முடைய கரையின் கதையைச் சொன்னால் பதில் தானாகவே கிடைக்கும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. வரைபடம் எதற்கு?

நம் கரையில் கட்டுமரம் கட்டியவர்கள் தாளில் கோடு போட்டதில்லை. எந்த மரம், எத்தனை மரம், எங்கே கயிறு என்பதெல்லாம் கட்டுகிறவர் கையிலும் கண்ணிலும் இருந்தது. கட்டுகிறவரும் கடலில் அதை ஓட்டுகிறவரும் ஒரே ஊர், பல நேரம் ஒரே குடும்பம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் போதும். யோசிப்பவர் ஒரு இடத்திலும் செய்பவர் வேறு இடத்திலும் இருக்கும்போதுதான் வரைபடம் தேவைப்படுகிறது. வரைபடம் என்பது, அங்கே இல்லாத ஒருவர் செய்யப் போகிறவருக்கு எழுதும் கடிதம். செய்பவர் திரும்பிக் கேட்க முடியாது. அதனால் கடிதத்தில் எல்லா அளவும் இருக்க வேண்டும், இரண்டு பொருள் தரும் கோடு ஒன்றுகூட இருக்கக்கூடாது.

சென்னையில் இந்தக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை 1794-லேயே தொடங்கிவிட்டது. மைக்கேல் டாப்பிங் என்பவர் எட்டு மாணவர்களோடு கோட்டையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். இராயபுரத்திலிருந்து 1856 ஜூலையில் ரயில் புறப்பட்டபோது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே நம் பகுதியிலிருந்துதான் தொடங்கியது. பாலம், தண்டவாளம், நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவோடு வரைந்த தாள் வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது துறைமுகம். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் ஒரு திட்டம் வரைந்தார். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு தடுப்புச் சுவர்கள் நீளும். அவை வளைந்து நெருங்கும் இடத்தில் கிழக்கே பார்த்த வாயில். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் 12 அன்று வந்த புயல், முடியும் நிலையில் இருந்த சுவர்களைச் சிதைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். ஆனாலும் கிழக்கு வாயில் வழியாக அலை நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. 1904-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள்.

இன்னொரு விளைவு இன்றுவரை தொடர்கிறது. நம் கடலோரத்தில் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே, மணல் வரத்து நின்றுபோன இராயபுரம், திருவொற்றியூர் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. நம் பகுதி மக்கள் தெருக்களையும் வீடுகளையும் இழந்ததும், எண்ணூர் சாலையோரம் கருங்கல் கொட்டி வைத்திருப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

இதை ஏன் சொல்கிறேன்? கோடு நேராக இருப்பது ஒன்று, கோடு சரியான இடத்தில் இருப்பது வேறொன்று. வரைகிற கருவி முதலாவதைத்தான் தரும். இரண்டாவதை வரைகிறவர்தான் தர வேண்டும். கணினி வந்த பிறகும் இது மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் பகுதிக்குத் தொழிற்சாலைகள் வந்தன. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய நிறுவனம் எண்ணூரில் ஆலை அமைத்தது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா வந்தது. புல்லட் முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரி பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டது. 1957-இல் பாகங்கள் செய்யும் கருவிகளும் இங்கே வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயின. பூட்டுவதற்கு ஸ்பேனர் போதும். பாகத்தை இங்கேயே செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் வரைபடம் வேண்டும். துளையின் விட்டம் எவ்வளவு, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பது வரை அதில் இருக்க வேண்டும்.

அதே காலத்தில்தான் நாடு அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறியது. 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த அங்குல அளவுகளை 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டர் ஆக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு 25 என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எந்த லேத் தொழிலாளியையும் கேட்டுப் பாருங்கள். பேரிங் உள்ளே போகாது.

பெரிய ஆலைகளில் டிராயிங் ஆபீஸ் என்று ஒரு தனி அறை இருந்தது. சாய்ந்த பலகைகள், டி-ஸ்கொயர், டிராஃப்டர், மூலைமட்டம், கவராயம், 2H பென்சில். பொறியாளர் யோசனை சொல்வார், டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைவார், செக்கர் ஒவ்வொரு அளவையும் சரிபார்ப்பார். அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து, டிரேசர் இந்திய மையால் நகல் எடுப்பார். ஒரு கோடு தவறினால் பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த டிரேசிங்கிலிருந்துதான் பிரிண்ட். நீலத்தில் வெள்ளைக் கோடு வரும் புளூ பிரிண்ட் முதலில். வெள்ளையில் கருநீலக் கோடு வரும் அமோனியா பிரிண்ட் பிறகு. மூக்கைத் துளைக்கும் அந்த நெடியைச் சுவாசித்தவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

ஐ.டி.ஐ.களில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில், டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் என்று இரண்டு ஆண்டுப் படிப்புகள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். மீனவர் வீட்டிலிருந்தும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் வீட்டிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு, கல்லூரி போகாமலே மேசை வேலைக்குப் போகக் கிடைத்த சில வழிகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் இந்தத் தொழில் மாறியது நமக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தி இல்லை.

அந்த மாற்றம் எங்கே தொடங்கியது? 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலைச் செய்தார். ஒளிப் பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு போடலாம். இந்த இரண்டு கோடும் இணையாக இருக்கட்டும் என்று சொன்னால் கணினியே நேராக்கிக் கொள்ளும். ஆனால் அந்தக் கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்த வசதி பெரிய விமான, கார் நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் விலையில் இருந்தது. 1982-இல் ஜான் வாக்கரும் அவருடைய நண்பர்களும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கி, அந்த ஆண்டு இறுதியில் ஆட்டோகேடை வெளியிட்டார்கள். மேசை மேல் வைக்கும் சாதாரணக் கணினியில் அது ஓடியது. புரட்சி அதுதான். 1984-க்குப் பிறகு இந்தியாவில் கணினி இறக்குமதி விதிகள் தளர்ந்தன. அதன் பிறகு மெல்ல மெல்ல நம் டிராயிங் ஆபீஸ்களிலும் பலகை இருந்த இடத்தில் திரை வந்து உட்கார்ந்தது.

முதலில் போனது டிரேசர் வேலை. நகல் எடுக்க இனி ஆள் தேவையில்லை. ஆனால் அவர் செய்த வேலையின் வடிவம் போகவில்லை. ஆட்டோகேடில் 'லேயர்' என்று ஒன்று இருக்கிறது. சுவர் ஒரு லேயரில், மின்சார வயர் இன்னொரு லேயரில், தண்ணீர்க் குழாய் மூன்றாவதில். வேண்டாததை மறைக்கலாம், வேண்டும்போது காட்டலாம். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த டிரேசிங் தாள்களேதான் அது.

உண்மையிலேயே தலைகீழான விஷயம் ஒன்று உண்டு. பலகையில் வரைபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஸ்கேல். மூன்று மீட்டர் நீளப் பொருளை 841 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ1 தாளில் அடக்க வேண்டுமே! பத்தில் ஒரு பங்கு என்று முடிவு செய்து, ஒவ்வொரு அளவையும் மனதில் பத்தால் வகுத்துக்கொண்டே வரைவார். கணினியில் மூன்று மீட்டர் என்றால் 3000 என்றே வரையலாம். திரைக்குள் இருக்கும் தாளுக்கு எல்லை இல்லை. பிரிண்ட் எடுக்கும்போது கடைசியில்தான் ஸ்கேல். புதிதாகக் கற்பவர்கள் பலர் இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் நாளே வகுக்க ஆரம்பித்துக் குழம்பிப் போகிறார்கள்.

சரி, பிள்ளைகள் எப்படித் தொடங்கலாம்? கற்றுக்கொள்ளப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. 'லிப்ரேகேட்' என்ற மென்பொருள் இலவசம். இரு பரிமாண வரைபடத்துக்கென்றே செய்யப்பட்டது, சுமாரான கணினியிலும் ஓடும். மாணவர்களுக்கு ஆட்டோகேடையும் இலவசமாகத் தருகிறார்கள், கல்வி நிறுவனத்தில் படிப்பதற்கான சான்று காட்ட வேண்டும்.

திறந்ததும் முதல் வேலை, அலகு மில்லிமீட்டர்தானா என்று பார்ப்பது. ஆட்டோகேடில் 'ஏகேட்' என்ற மாதிரித் தாள் அங்குலத்துக்கு, 'ஏகேட் ஐஎஸ்ஓ' மில்லிமீட்டருக்கு. அங்குலம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை பாருங்கள்!

அடுத்து, ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தை வரையுங்கள். லைன் கட்டளை கொடுத்து 0,0 என்று தொடங்குங்கள். பிறகு @100,0 என்று தட்டினால் வலப்பக்கம் 100 மில்லிமீட்டர் கோடு. @0,100 என்றால் அங்கிருந்து மேலே 100. பிறகு சி என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் முக்கோணம் மூடிக்கொள்ளும். இப்போது சாய்ந்த பக்கத்தை அளந்து பாருங்கள், 141.42 வரும். எட்டாம் வகுப்பில் படித்த பித்தாகரஸ் தேற்றம் திரையில் வந்து நிற்கும். ஏ4 தாளின் நீளம் 297, அகலம் 210. வகுத்துப் பார்த்தால் அதே 1.414. பாதியாக மடித்தாலும் தாளின் வடிவம் மாறாமல் இருப்பதற்கு அந்த எண்தான் காரணம். இதைச் சொல்லிக் கொடுத்தால் கணக்கு பிடிக்காத பிள்ளைக்கும் பிடித்துவிடும்.

மூன்றாவது, 'ஸ்னாப்'. ஒரு கோட்டின் முனையில் இன்னொரு கோட்டைச் சேர்க்கும்போது கண்ணால் பார்த்து வைக்கக்கூடாது. ஸ்னாப் போட்டால்தான் முனையோடு முனை சரியாகச் சேரும். கண்ணுக்குச் சேர்ந்தது போலத் தெரியும், பெரிதாக்கினால் இடைவெளி இருக்கும். அந்த வரைபடம் தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் போனால், மூடாத கோடு என்று அங்கே சிக்கல் வரும்.

நான்காவதுதான் முக்கியம். அளவு எழுதும்போது மென்பொருள் காட்டும் எண் நீங்கள் நினைத்ததாக இல்லையென்றால், எண்ணை அழித்து வேறு எண் எழுதவும் மென்பொருள் இடம் கொடுக்கும். கோடு 99.6 இருக்கும், மேலே 100 என்று எழுதிவிடலாம். அதைச் செய்யவே கூடாது. கோட்டைத்தான் திருத்த வேண்டும். எழுத்தை நம்பி ஒருவர் செய்வார், கோட்டை நம்பி இயந்திரம் வெட்டும். இரண்டு பாகமும் ஒன்றோடொன்று பொருந்தாது. பழைய டிராயிங் ஆபீஸில் இதைக் கண்டுபிடிக்க ஒரு செக்கர் இருந்தார். இன்று பல சின்னப் பட்டறைகளில் வரைபவரும் அவரே, செக்கரும் அவரே.

ஆகவே அந்தப் பெற்றோர்களுக்கு என் பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் மூன்று மாதத்தில் கிடைப்பது கட்டளைகள்தான். கோடு போட, வளைக்க, நகலெடுக்கக் கற்றுக்கொள்வது பெரிய விஷயம் இல்லை, பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். முன்பார்வை, மேற்பார்வை, பக்கப்பார்வை என்று ஒரு பொருளை மூன்று பக்கமிருந்தும் மனதில் பார்ப்பதற்கு நாளாகும். எந்த அளவு தவறினால் என்ன கெடும் என்ற பயம் வரவும் நாளாகும். அதற்கு ஒரு லேத் பட்டறையில் சில மாதம் நின்று பார்ப்பது எந்த கோர்ஸுக்கும் குறைந்ததில்லை. வசதி இருந்தால் ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக்கில் முறையாகப் படிக்க வையுங்கள். அதோடு சேர்த்து ஆட்டோகேட் கற்றால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. அந்தத் தூண்களும் நிலையங்களும் கணினித் திரையில் கோடுகளாகத்தான் முதலில் பிறந்திருக்கும். அடுத்து நம் கரையில் எழும்பப் போகிறவற்றுக்கு யாரோ கோடு போடத்தான் போகிறார்கள். அது நம் பிள்ளையாக இருந்தால், மணல் எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்த கை அதை வரையும்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆலைகளின் டிராயிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாகவோ டிரேசராகவோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் நினைவுகளைக் கேட்டு இங்கே எழுதுங்கள். பழைய டிரேசிங் தாள் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.