மணவோலை முதல் அழைப்பிதழ் வரை

தமிழர் இல்லங்களில் மார்கழி, மணவினை நிகழாத் திங்கள். ஆயினும் மணத்திற்கான எழுத்துப் பணி அத்திங்களிலேயே தொடங்கிவிடுகிறது. ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்று காத்திருக்கும் பெற்றோர் நாள் குறித்து, மண்டபம் பேசி, அச்சகத்தின் படியேறுவது பொங்கலை ஒட்டிய நாட்களில்தான். அங்கே எழுதப்படும் அரைப் பக்கத் தமிழுக்குள் நூறாண்டுத் தமிழக வரலாறு அடங்கியிருக்கிறது. இலக்கிய வரலாறு எழுதுவோரின் பார்வையோ அதன்மேல் அரிதாகவே விழுகிறது.

இலையிலிருந்து தாளுக்கு

ஓலை, ஏடு, மடல், இதழ் என எழுத்தைத் தாங்கும் பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவும் மரஞ்செடிகளிலிருந்து வந்தவை. ‘பத்திரிகை’ என்னும் வடசொல்லும் இலையைக் குறிக்கும் ‘பத்திர’த்தின் வழி வந்ததே. தாளுக்கு முன்னர் முகூர்த்த ஓலை இருந்தது. வெற்றிலை பாக்கு வைத்து வாய்மொழியாக அழைக்கும் வழக்கமும் இருந்தது. நகரத்தார் திருமணங்களில் இசைகுடிமானம் எழுதும் மரபு, மணம் என்பது எழுத்தில் பதிய வேண்டிய உடன்பாடு என்னும் எண்ணத்திற்குச் சான்று.

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியதன் மூலம் தமிழ் எழுத்து இந்திய மண்ணில் அச்சைக் கண்டது. எனினும் அச்சுக்கூடம் நெடுங்காலம் சமயப் பரப்புநர் கையிலும் அரசின் கையிலுமே இருந்தது. 1835-இல் அச்சுக்கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னரே பிறரும் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது. அதன் பின்பே இல்லத்து மங்கலச் செய்தியும் ஈய எழுத்தில் ஏறியது. அச்சேறிய தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சிவகாசி இத்தொழிலுக்குப் புதிய உருவம் தந்தது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பி. ஐய நாடாரும் ஆ. சண்முக நாடாரும் அவ்வூரில் அத்தொழிலை ஊன்றினர். தீப்பெட்டிக்கு வேண்டிய வண்ணச் சீட்டுகள் அச்சுத்தொழிலை வளர்த்தன. படம் அச்சிட்ட வெற்று அட்டைகள் அங்கிருந்து ஊர்தோறும் சென்றன. மணமக்கள் பெயரும் நாளும் இடமும் உள்ளூர் டிரெடில் அச்சில் அவற்றின்மேல் ஏறின. படம் எல்லார்க்கும் பொது. சொல் மட்டுமே அந்தந்தக் குடும்பத்தின் உடைமை.

சொல் மாறிய வரலாறு

அச்சொற்கள் மாறியதில்தான் ஓர் இயக்கத்தின் வெற்றியைக் காணலாம். பாட்டனின் தாளில் ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்றிருக்கும். பேரனின் தாளில் ‘திருமண அழைப்பிதழ்’ என்றிருக்கும். சிரஞ்சீவி திருநிறைச்செல்வனானான், சௌபாக்கியவதி திருநிறைச்செல்வியானாள், மகாராஜராஜஸ்ரீ திருவாளரானார். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் புலவர் மேடையோடு நின்றுவிடாமல் அடுக்களை வரை சென்றதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்ப்பதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதன் சுவடும் அழைப்பிதழில் படிந்தது. சுயமரியாதைத் திருமண அழைப்பிதழில் புரோகிதர்க்கு இடமில்லை. ‘தலைமை’, ‘வாழ்த்துரை’ என்னும் வரிகளே இருந்தன. அழைப்பிதழ் ஒரு கூட்டத்தின் அறிக்கையாகவும் ஆயிற்று. இத்தகைய திருமணம் செல்லாது என 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் இயற்றிய சட்டத்திருத்தமே இதற்கு முடிவு கண்டது. மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் மணம், முன்னர் நடந்தவை உட்பட, செல்லுபடியாயிற்று. அதற்கு முன் மணந்தோர் பலர் சட்டத்தின் துணையின்றியே தம் பெயரைத் துணிந்து அச்சிட்டவர்கள் என்பது நினைக்கத்தக்கது.

மூன்று ஆண்டுக் கணக்கு

தைத் திங்கள் திருமணத்திற்குத் தாள் அச்சிடுவோர்க்கு ஆண்டைக் குறிப்பது தனிக் கவனம் வேண்டும் பணி. சனவரியில் ஆங்கில ஆண்டு மாறுகிறது. தை முதல் நாளில் திருவள்ளுவர் ஆண்டு ஒன்று கூடுகிறது. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரோ சித்திரை வரை மாறுவதில்லை. அதன் கணக்கில் தை பத்தாந் திங்கள். சென்ற மாதம் கோத்த எழுத்தை அப்படியே எடுத்தாண்டால் பிழை நேரும்.

இது வெறும் அச்சுச் சிக்கல் அன்று. ‘பிரபவ வருஷம் தை மாதம்’ என்று மட்டும் குறித்த தாள் 1928-ஐச் சார்ந்ததா, 1988-ஐச் சார்ந்ததா என்று அவ்வரியால் அறிய இயலாது. ஆங்கில ஆண்டோடு 31 கூட்டிப் பெறும் திருவள்ளுவர் ஆண்டு தொடர் எண் ஆதலால் அவ்வையம் எழாது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் சட்டம் வந்தது. 2011-இல் அது நீக்கப்பட்டது. அரசின் முடிவு எதுவாயினும், மூன்று கணக்கையும் ஒரே வரியில் அமைதியாக ஏற்றுக்கொள்வது அழைப்பிதழ்.

எழுத்தின் வடிவும் அதில் காலத்தைக் காட்டும். பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978-இல். யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் எந்த ஊரில் எப்போது மறைந்தன என்பதைப் பழைய அழைப்பிதழ்களே சொல்ல வல்லவை.

வாழ்த்துமடலும் கவிஞரும்

அழைப்பிதழுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அது வாழ்த்துமடல். மணமக்கள் பெயரை எதுகையிலும் மோனையிலும் பொருத்தி எழுதிய பா, ஒற்றைத் தாளில் அச்சாகி, மணப்பந்தலில் படிக்கப்பெற்று, கண்ணாடிச் சட்டத்துள் கூடத்துச் சுவரில் இடம்பெறும். நூல் வெளியிட வாய்ப்பில்லாத சிற்றூர்க் கவிஞர்க்கு அச்சேறும் வழி அதுவே. அப்பாக்களில் மிகையும் வாய்பாடும் உண்டு. யாப்பு எளிய வீட்டின் சுவரில் உயிர்வாழ்ந்ததும் அவற்றால்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிக்கை, அழைப்பிதழ் போன்ற உதிரித் தாள்களையும் பேணினார். அவர் தொகுப்பே 1994-இல் சென்னையில் நிறுவப்பெற்ற ஆய்வு நூலகத்திற்கு அடித்தளமாயிற்று. ஒருவர் செய்த பணியை ஒவ்வோர் இலக்கிய வட்டமும் தன் ஊரளவில் செய்யலாம். செல்பேசித் திரையில் வந்து மறையும் அழைப்புகள் பெருகிய இக்காலத்தில் அத்தேவை மிகுந்துள்ளது.

புதிய அழைப்பிதழ் அச்சேறும் அதே நாட்களில்தான் போகியும் வருகிறது. பரண் தூய்மையாகிறது, பழைய தாள்கள் வாயிலில் எரிகின்றன. எரியிடுமுன் அவற்றைப் புரட்டிப் பார்த்து, அழைப்பிதழ் ஒன்றேனும் எடுத்து, பின்புறம் ஊரும் ஆண்டும் குறித்து வைப்பது பெரும் பணியன்று. பத்தாண்டு நிறைவு காணும் வட்டம் பதினோராம் ஆண்டைத் தொடங்க அது தகுந்த செயலாகும்.