ஐம்பதிலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சிறுவரை இளமையிலேயே நெறிப்படுத்த வேண்டும் என்பதை வலியுறுத்த எழுந்த இவ்வாசகம், நாளடைவில் வயது முதிர்ந்தோரின் கல்வி வாயிலை அடைக்கும் தாழ்ப்பாளாகவும் ஆகிவிட்டது. பலகையை நீட்டினால் கற்க வேண்டியவர் இப்பழமொழியைச் சொல்லிக் கூசுகிறார். கற்பிக்க வேண்டியவரோ இதையே சொல்லித் தம் கடமையினின்று நழுவுகிறார். பழமொழி கேட்கும் வினாவுக்கு நம் நாட்டின் வரலாறு என்ன விடை தருகிறது என்பதை இப்பேச்சில் ஆராய்வோம்.

மத்திய சர்க்கார் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவன் நான். படிவங்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்குவதே என் அன்றாட வேலை. "கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை" என்னும் தொடரை இதுகாறும் எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, அத்தொடரின் நடுவிலுள்ள 'அல்லது' என்னும் சிறு சொல்லை நின்று நோக்கினேன். 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 18 பேர். பெண்களிலோ நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. எஞ்சியோர் அனைவரும் அந்த 'அல்லது' என்ற சொல்லுக்கு அப்பால் நின்றவர்கள். அவர்களைக் கைப்பிடித்து இப்பால் அழைத்துவந்தவர் யாவர் என்று பார்த்தால், சட்டங்களையும் திட்டங்களையும் விட, ஊதியம் கருதாத அண்டை வீட்டாரே பெரும்பாலும் கண்ணுக்குத் தென்படுகின்றனர்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் புனே நகரத்து விளக்கொன்று எரிகிறது. 1848-ல் அங்கே பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிய ஜோதிராவ் புலேயும் அவர் துணைவியார் சாவித்திரிபாயும், 1855-ல் உழைப்பாளிகளுக்காக இரவுப் பள்ளி ஒன்றையும் நிறுவினர். பகலெல்லாம் வயலிலும் பட்டறையிலும் உழைத்தவர்கள் அந்தி சாய்ந்தபின் அங்கே வந்து அமர்ந்தனர். கல்வி சில குலத்தாருக்கே உரியது என்று கருதப்பட்ட காலத்தில், வளர்ந்த ஆணும் பெண்ணும் எழுத்துக் கற்பதென்பது துணிவு வேண்டிய செயல். உழைப்பவனுக்கு ஓய்வு வாய்ப்பது இரவில்தான். ஆகவே பள்ளியும் இரவில்தான் நடக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அவ்விருவரும் கண்டனர். பின்னாளில் நடந்த முதியோர் கல்வி முயற்சிகளுள் பெரும்பாலானவை இவ்வுண்மையைத் தழுவியே நின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சிக்குப் புதியதொரு முழக்கம் வந்து சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் லானாவோ ஏரிக்கரை மக்களிடையே பணியாற்றிய பிராங்க் லாபாக் என்ற அமெரிக்கப் பாதிரியார், அங்கே கற்றவர் ஒவ்வொருவரும் மற்றொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். 1935-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். 'ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம்' என்ற அவரது கொள்கை இங்கும் பரவிற்று. 1937-ல் மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் அமைந்தபின், பீகாரில் கல்வி மந்திரியாயிருந்த சையத் மகமூத் 1938-ல் பெருந்திரளான மக்களுக்கு எழுத்தறிவூட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். மாணவர்களும் ஆசிரியர்களும் அதில் ஈடுபட்டனர். அதே ஆண்டில் தில்லியில் ஜாமியா மில்லியாவைச் சேர்ந்த ஷபீக்குர் ரகுமான் கித்வாய், முதியோர் கல்விக்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவி, புதிதாக எழுத்தறிந்தோர் படிப்பதற்கேற்ற சிறு நூல்களையும் வெளியிடச் செய்தார். எழுத்தைக் கற்பித்தால் மட்டும் போதாது, கற்றவன் கையில் படிப்பதற்கு ஒரு நூலும் இருக்க வேண்டும் என்பதை உணர்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1939-ன் இறுதியில் மந்திரிசபைகள் பதவி விலகின, போரும் மூண்டது, பல மாகாணங்களில் எழுந்த ஊக்கம் தணிந்தது.

விடுதலைக்குப் பின் இம்முயற்சி மீண்டும் தளிர்த்தது. வெல்தி பிஷர் என்ற அமெரிக்க மூதாட்டியாரிடம், கிராமங்களுக்குச் சென்று பணி செய்யுமாறு காந்தியடிகள் 1947-ல் கூறியிருந்தார். எழுபது வயதைக் கடந்தபின் அவ்வம்மையார் 1953-ல் அலகாபாத்தில் எழுத்தறிவு இல்லத்தைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளில் அது லக்னௌ நகருக்குப் பெயர்ந்தது. ஆசிரியர்களைப் பயிற்றுவதும், பொம்மலாட்டத்தின் வாயிலாகக் கிராம மக்களிடம் பேசுவதும், தகரப் பெட்டிகளில் நூல்களை நிரப்பி ஊர்களுக்கு அனுப்புவதும் அவ்வில்லத்தின் பணிகளாயின. ஐம்பதில் வளையுமா என்று வினவுவோருக்கு, எழுபதில் தொடங்கிய அம்மூதாட்டியாரின் வாழ்க்கையே தக்க மறுமொழி.

1959-ல் மகாராஷ்டிரத்துச் சதாரா மாவட்டத்தில் 'கிராம சிக்ஷண மோகிம்' என்ற இயக்கம் எழுந்தது. அதன் சிறப்பு, தனி மனிதரை விட்டு ஊரையே மாணவனாகக் கொண்டதில் இருக்கிறது. கிராமத்தார் ஒன்றுகூடி, தம் ஊரில் எழுத்தறியாதவர் எவரும் இருத்தலாகாது என்று உறுதி பூணுவர். பள்ளி ஆசிரியரும் படித்த இளைஞரும் கற்பிப்பர். நோக்கம் நிறைவேறியதும் ஊர் கூடி விழா எடுப்பர். பின்னர் இவ்வியக்கம் மாநிலமெங்கும் பரவிற்று. எனினும் விழா முடிந்து தோரணம் வாடியபின் அவ்வூர்களிற் பலவற்றில் தொடர்ந்து படிப்பதற்கு நூலும் இல்லை, படிக்கத் தூண்டுவாரும் இல்லை. கற்றவர்களுள் பலர் மீண்டும் எழுத்தை மறந்தனர். இக்குறை, நாம் பின்னும் பலமுறை சந்திக்கப்போகும் குறை.

1978-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கிற்று. 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேரை ஐந்தாண்டுகளில் எழுத்தறிவுள்ளோராக்குவது அதன் குறிக்கோள். மையம் ஒன்றுக்கு ஒரு போதகர். அவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். ஐம்பது ரூபாய் குடும்பம் நடத்தப் போதாது. அதே சமயம், 'இது என் ஊருக்கு நான் செய்யும் தொண்டு' என்ற பெருமிதத்தையும் அத்தொகை குறைத்துவிட்டது. எண்ணிய இலக்கு எய்தப்படவில்லை. 1988-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் நிறுவப்பட்டபோது, வேறொரு வழியும் உண்டா என்ற வினா எழுந்திருந்தது.

அவ்வினாவுக்கு விடை கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து வந்தது. 1962-ல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் மாவட்ட நிருவாகமும் கைகோத்து, 1989-ல் முழு எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கின. பாட்டும் கூத்துமாகக் கலைக்குழுவினர் ஊர் ஊராகச் சென்றனர். ஏறத்தாழ 50,000 தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று எழுத்தறியாதோரைக் கணக்கெடுத்தனர். கற்பிப்பதற்கு 20,000-க்கு மேற்பட்டோர் முன்வந்தனர். மாணவரும் இல்லத்தரசிகளும் வேலை தேடும் இளைஞரும் அவர்களுள் இருந்தனர். எவருக்கும் ஊதியம் இல்லை. வீட்டுத் திண்ணையிலும் தொழிற்கூடத்து மூலையிலும் மீனவர் குப்பத்திலும் வகுப்புகள் நடந்தன. பார்வை மங்கிய முதியோர் எழுத்தைக் காண இயலாமல் தவித்ததைக் கண்டு, கண் சோதனை செய்வித்துக் கண்ணாடியும் வழங்கினர். 'எனக்குப் படிப்பு ஏறாது' என்று கூறியோருள் பலருக்கு உண்மையில் ஏறாதிருந்தது பார்வையே! ஓராண்டில் 1,30,000-க்கு மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றனர். 1990 பிப்ரவரி 4-ஆம் நாள், எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று பிரதமர் வி. பி. சிங் அறிவித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கோழிக்கோட்டில் கேரள மாநிலம் முழுமைக்கும் அவ்வறிவிப்பு வெளியாயிற்று. அதனை வெளியிட்டவர் மந்திரியல்லர். அவ்வியக்கத்தில் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும் முதிய பெண்மணி.

முதியோருக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூறவேண்டும். சிறு குழந்தைக்கு நாம் தனி எழுத்திலிருந்து தொடங்குகிறோம். வளர்ந்தவருக்கோ சொற்கள் ஆயிரக்கணக்கில் முன்னமே தெரியும். எழுத்து வடிவம் மட்டுமே தெரியாது. ஆகவே அவர் வாழ்வில் பயிலும் ஒரு சொல்லை முதலில் காட்டி, அதை எழுத்துகளாகப் பிரித்து, அவ்வெழுத்துகளைக் கொண்டே வேறு சொற்களை ஆக்கிக் காட்டுவது ஏற்ற வழி. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்கள் மூன்று படிகளாக அமைந்து, சுமார் 200 மணி நேரத்தில் முடியுமாறு வகுக்கப்பட்டன. 200 மணி நேரம் என்பது நாளொன்றுக்கு ஒரு மணி வீதம் ஏழு திங்களுக்கும் குறைவு. ஒரு மனிதனின் இருளை அகற்ற மற்றொரு மனிதன் தரவேண்டிய விலை இவ்வளவே.

எர்ணாகுளத்தின் சுடரிலிருந்து பல மாவட்டங்கள் தம் விளக்கை ஏற்றிக்கொண்டன. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் அவற்றுள் பெரும்பெயர் பெற்றது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சித் தலைவராயிருந்தபோது, எழுத்தோடு மிதிவண்டி ஓட்டுவதும் பாடமாயிற்று. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திராமல் தாமே வகுப்புக்கும் சந்தைக்கும் சென்று வரும் விடுதலையை அவர்கள் அதிலே கண்டனர்.

ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. அங்கே எழுத்தறிவுப் பாடநூலில், சாராயத்தால் குலைந்த குடும்பத்தின் கதையொன்று இடம்பெற்றிருந்தது. தூபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் அதைப் படித்தனர்; விவாதித்தனர்; பின் எழுந்து சென்று தம் ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். 1992-ல் அக்கிளர்ச்சி மாவட்டமெங்கும் மூண்டு மாநிலம் முழுவதும் பரவிற்று. 1993-ல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் வந்த முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது என்பதும் வரலாறே. எனினும், தன் வாழ்வே பாடமாக எதிரே நிற்கும்போது, எழுத்து வெறும் எழுத்தாக நில்லாது என்பதற்கு அச்சிற்றூர் சான்றாக நிற்கிறது.

இவற்றின் விளைவு குடிக்கணக்கிலும் புலனாயிற்று. ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் எழுத்தறிந்தோர் 1991-ல் நூற்றுக்கு 52 பேர். 2001-ல் ஏறக்குறைய 65 பேர். பள்ளிக்கூடங்கள் பெருகியதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும், மக்கள் தொகை பெருகிய பின்னரும் எழுத்தறியாதோரின் எண்ணிக்கை குறைந்தது, விடுதலைக்குப் பின் அந்தப் பத்தாண்டில்தான் முதன்முறை.

இத்தனையும் கூறியபின், சதாராவில் கண்ட குறையையும் மறைத்தல் கூடாது. பல மாவட்டங்களில் இயக்கம் ஓய்ந்ததும் கற்றது தேய்ந்தது. கேரளத்தில் அத்தேய்வு குறைந்திருந்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1945-லேயே பி. என். பணிக்கர் திருவிதாங்கூரில் 47 நூலகங்களை ஒன்றிணைத்துக் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கியிருந்தார். நாளடைவில் அது வளர்ந்து கிராமந்தோறும் வாசகசாலை என்னும் நிலையை உண்டாக்கிற்று. புதிதாக எழுத்தறிந்தவர் பாடநூலை மூடியதும் திறப்பதற்கு மற்றொரு நூல் அங்கே காத்திருந்தது.

இத்தேய்வை நான் ஏட்டில் மட்டும் கண்டறிந்தவனல்லன். தில்லியில் எங்கள் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் துணி தேய்க்கும் விழுப்புரத்து அம்மையார் ஒருவர், ஊரிலிருந்து வரும் கடிதங்களை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறுதோறும் அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினேன். ஐந்து திங்களில் தம் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினார். பேருந்தின் பலகையைக் கூட்டிப் படித்தார். பின் அலுவலக வேலை மிகுந்தது. ஒரு ஞாயிறு தவறியது, அடுத்ததும் தவறியது, அப்படியே நின்றுவிட்டது. ஓராண்டு கழித்து மீண்டும் ஒரு கடிதத்தோடு வந்தார். "நீங்களே படிக்கலாமே, அம்மா" என்றேன். "எழுத்தெல்லாம் மறந்துபோச்சு ஐயா. நீங்கதான் வர்றதை நிறுத்திட்டீங்களே" என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்திற்று. ஐம்பதில் வளையாதிருந்தது அவரல்லர். நாற்பதுகளில் இருந்த நானே.

2022 முதல் 2027 வரைக்கென மத்திய அரசு வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தொண்டர்களையே நம்பி அமைக்கப்பட்டது. 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேருக்கு எழுத்தறிவூட்டுவது அதன் இலக்கு. 2024 ஜூனில் லடாக்கும், 2025 மே மாதத்தில் மிசோரமும் முழு எழுத்தறிவு பெற்றவையாக அறிவிக்கப்பட்டன. மகிழத்தக்க செய்திகள் இவை. ஆயினும் அறிவிப்பு நாளுக்கு மறுநாள் காலையில் யார் வந்து பாடம் கேட்பார், எந்த நூலை எடுத்துத் தருவார் என்பதிலேதான் அவற்றின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

புனேயின் இரவுப் பள்ளியிலிருந்து எர்ணாகுளத்துத் திண்ணை வரை, வரலாறு பழமொழிக்குத் தரும் விடை ஐயத்துக்கு இடமற்றது: ஐம்பதிலும் வளையும், வளைப்பவர் பாதியில் கைவிடாதிருந்தால். வேப்பமரத்தடி அம்மையாரும் நானும் மீண்டும் தொடங்கியிருக்கிறோம். சென்ற திங்களில் அவர் வங்கிக்குச் சென்று, நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்த அந்தப் படிவத்தைக் கையில் வாங்கினாராம். மை தடவிய அட்டையை நீட்டிய குமாஸ்தாவிடம், "பேனா குடுங்க" என்று கேட்டாராம்.