பரோல்: யார் யாருக்குக் கொடுப்பது?

போன வாரம் டீக்கடையில பேப்பர் புரட்டிக்கிட்டிருந்தேன். ஆயுள் கைதி ஒருத்தருக்கு மகள் கல்யாணத்துக்காக பரோல் கொடுத்திருக்காங்கன்னு ஒரு செய்தி. பக்கத்துல இருந்த நண்பர் பிரெஞ்சு படிக்கிறவர். "ஏங்க, பரோல்னா பிரெஞ்சுல பேச்சு, சொல்லுன்னுதானே அர்த்தம்? ஜெயில்ல யாருங்க யாருக்குச் சொல்லைக் குடுக்கறது?" என்றார். டீ ஆறிப்போச்சு, பதில் வரலை. வீட்டுக்கு வந்து தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

கிரேக்கத்தில் உவமைக் கதைக்கு 'பரபொலே' என்று பேர். லத்தீன் வழியாக பிரெஞ்சுக்கு வருவதற்குள் உவமை போய் வெறும் 'சொல்' ஆகிவிட்டது. ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் கடன் வாங்கியது அந்தச் சொல்லை அல்ல, 'மானத்தின் மேல் கொடுத்த வாக்கு' என்ற ஒரு அர்த்தத்தை மட்டும். போரில் பிடிபட்ட அதிகாரி, "தப்பி ஓட மாட்டேன், எனக்குப் பதிலாக உங்கள் ஆள் ஒருவரை விடுவிக்கும்வரை உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பார். பிடித்தவனுக்குக் காவலும் சோறும் மிச்சம்.

இதுக்கு உதாரணம் தேடி ஐரோப்பா போகவே வேண்டாம், நம்ம சென்னைக் கோட்டையே இருக்கு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கோட்டையைப் பிடித்தார். பணயத்தொகை வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. ஆங்கிலேயர்களும் பரோல் கொடுத்தார்கள். பாண்டிச்சேரி கவர்னர் துய்ப்ளே, இந்த ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டு, தனக்குப் புதிதாக வாக்குத் தரச் சொன்னார். 'ஒப்பந்தமே போச்சு, அப்புறம் எங்க வாக்கு மட்டும் எப்படி நிக்கும்?' என்று சிலர் மறுத்துவிட்டார்கள். அதில் ஒருவர், உள்ளூர்க்காரர் வேஷம் போட்டுக் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பிய 21 வயசு கம்பெனி குமாஸ்தா. பேர் ராபர்ட் கிளைவ்! துய்ப்ளே அந்த வாக்கை மதித்திருந்தால்... சரி, விடுங்க.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சாதாரணச் சிப்பாய்க்கும் இதே ஏற்பாடு வந்தது. 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் விழுந்தபோது, ஏறத்தாழ 29 ஆயிரம் தென்மாநில வீரர்களிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார் ஜெனரல் கிராண்ட். அதில் சிலர் அந்த வருஷக் கடைசியிலேயே மறுபடி துப்பாக்கியோடு நின்றார்கள். கறுப்பினச் சிப்பாய்களைக் கைதிகளாக மதித்துப் பரிமாற்றம் செய்யத் தென்மாநிலங்கள் மறுத்தது அதைவிடப் பெரிய சண்டை. கைதிப் பரிமாற்றம் நின்றது. முகாம்கள் நிரம்பின. ஆண்டர்சன்வில் முகாமில் மட்டும் செத்தவர்கள் சுமார் 13 ஆயிரம் பேர். ஒரு வாக்கு செல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

(நடுவில் ஒன்று: அந்தக் கால ராணுவத்தில் தினம் மாறும் ரகசியச் சொல்லுக்கும் 'பரோல்' என்றுதான் பேர். ஜார்ஜ் வாஷிங்டனின் தினசரி உத்தரவுகளில் பார்க்கலாம். நம்ம பாஸ்வேர்டுக்குத் தாத்தா :-))

சிறைக்குள் இந்தச் சொல் ஊன்றியது 19ஆம் நூற்றாண்டில். நியூயார்க் மாநிலத்தில் 1876ல் திறந்த எல்மைரா சீர்திருத்தச் சிறையில், நன்னடத்தை காட்டினவரை முன்கூட்டியே விட்டு, வெளியிலும் கண்காணித்தார்கள். இங்கேதான் சொல் தலைகீழாத் திரும்புது. முன்னாடி பரோல் கொடுத்தவன் கைதி. இப்போ கொடுப்பது அதிகாரி, வாங்குவது கைதி! 1952ன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இன்னும் விசித்திரம். ஆள் நாட்டுக்குள் இருப்பார், சட்டப்படி 'அனுமதிக்கப்பட்டவர்' இல்லை, அதுக்கும் பேர் பரோல்தான். 1956 புரட்சிக்குப் பிறகு ஹங்கேரி அகதிகள் 30 ஆயிரம் பேருக்கு மேல் அப்படித்தான் உள்ளே போனார்கள்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிறைப் பரோல் என்றால் மீதித் தண்டனைக் காலத்தை வெளியில் கழிப்பது. நம்ம ஊர்ல சில நாள் லீவு, அவ்வளவுதான். தமிழ்நாட்டின் 1982 தண்டனை நிறுத்திவைப்பு விதிகளிலும் அதுக்கு விடுப்பு என்றுதான் பேர். பேப்பர்காரங்கதான் பரோலை விடமாட்டேங்கறாங்க.

நண்பரிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். "அப்போ பிரான்ஸ் ஜெயில்ல இதுக்கு என்ன பேரு?" என்றார். 'நிபந்தனை விடுதலை'ன்னுதான் சொல்றாங்க. பரோல் அங்கே இன்னும் வெறும் சொல்தான்.