எலும்பும் தீக்குச்சியும்: பொசுபரசு பற்றியதொரு வரலாற்று நோக்கு

மனித உடலின் நிறையிற் பெரும்பகுதி ஒட்சிசன், காபன், ஐதரசன், நைதரசன் என்னும் நான்கு மூலகங்களாலானது. இவற்றையடுத்துக் கல்சியமும் பொசுபரசும் வைத்தெண்ணப்படும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பொசுபரசு உண்டு. அதில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலுமே அடங்கும். இம் மூலகம் முதன்முதலாக மனித உடலின் கழிவிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டதென்பது வரலாற்று மாணவர் கருதத்தக்கதொன்றாகும்.

1669 ஆம் ஆண்டில் அம்பேர்க்கு நகரில் வாழ்ந்த எனிக் பிராண்டு என்னும் இரசவாதி, தாழ்ந்த உலோகங்களைப் பொன்னாக்கும் வழியை நாடியவர். பெருமளவு சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சி வற்றச்செய்து, எஞ்சியதைக் கடுஞ்சூட்டிற்கு உட்படுத்தியபொழுது அவருக்குப் பொன் கிட்டவில்லை. இருளில் ஒளிவிடும் மெழுகுபோன்ற பொருளொன்றே கிட்டியது. ‘ஒளி தாங்கி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பிராண்டு தம் முறையை மறைத்துவைத்துப் பின்னர் பணத்துக்கு விற்றார். 1680 இல் உரொபேட்டு பொயில் இங்கிலாந்திலே தாமாகவே அதனைத் தயாரித்தார். எனினும், ஒரு நூற்றாண்டளவும் அது வேடிக்கைப் பொருளாகவே இருந்ததெனலாம்.

சுவீடன் நாட்டு அறிஞரான கான், சீலே ஆகியோர் 1769–1771 காலப்பகுதியில் எலும்பிலே பொசுபரசு உண்டென்பதை வெளிப்படுத்தினர். இது சிறிய செய்தியன்று. உயிருள்ள உடலின் உறுதிப்பாடும் கண்ணாடிக் குடுவையில் எரியும் பொருளும் ஒரே மூலகத்தைக் கொண்டன என்பது அதனாற் புலனாயிற்று. 1789 இல் இலவோசியர் வெளியிட்ட மூலகப் பட்டியலிலும் பொசுபரசு இடம்பெற்றது.

எலும்புச் சாம்பலிலிருந்து பெற்ற பொசுபரசு மலிவாயிற்று. 1830களில் அது தீக்குச்சியின் தலையிலேறியது. வெண்பொசுபரசின் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகலாயிற்று. எலும்புக்கு உறுதி தரும் மூலகமே எலும்பைத் தின்றது. இலண்டனில் பிறயன்ற் அன்ட் மே தொழிற்சாலைப் பெண்களின் நிலையை 1888 இல் எழுதி வெளிப்படுத்தியவர் அன்னி பெசன்ற் அம்மையார்; பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர் என்ற வகையில் தமிழர் நன்கறிந்தவர். அவ்வாண்டு யூலையில் ஏறத்தாழ 1400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். தண்டங்கள் நீங்கின, வேலைத்தளத்துக்குப் புறம்பே உண்ணுதற்கு இடமும் வாக்களிக்கப்பட்டது. ஆனால் வெண்பொசுபரசு நீங்கவில்லை.

தீங்கு குறைந்த செம்பொசுபரசு 1840களிலேயே அறியப்பட்டிருந்தது; அதனைப் பயன்படுத்திய காப்புத் தீக்குச்சிகள் 1850களில் சுவீடனில் உருவாகின. ஆகவே அறியாமையைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. வெண்பொசுபரசுக் குச்சி மலிவானது. எங்கு உரசினும் பற்றுவது. நோயுற்றோரை அறிவியாது மறைத்தமைக்காக அத் தொழிற்சாலைக்கு 1898 இல் தண்டம் விதிக்கப்பட்டது. 1901 இல் அது வெண்பொசுபரசைக் கைவிட்டது. 1906 இல் பேர்ண் நகரிற் சில நாடுகள் அதனைத் தடைசெய்ய உடன்பட்டன. பிரித்தானியாவின் தடைச்சட்டம் 1908 இல் நிறைவேறி, 1910 இலேயே நடைமுறைக்கு வந்தது.